சேர்வர் திருந்தியது, பைதன் திருந்தவில்லை: ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்குள் இருந்த எக்ஸ்பாட் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2024 செப்டெம்பர் தொடக்கத்தில் எக்ஸ்எம்எல் ஃபைல்களைப் படித்துப் பிரித்துத் தரும் எக்ஸ்பாட் என்ற பார்சரின் (சி மொழி லைப்ரரி) 2.6.3 வேர்ஷன் வெளிவந்தது. அது சிவிஇ-2024-45490, 45491, 45492 என்ற மூன்று பாதுகாப்புக் குறைகளைத் திருத்தியது (சிவிஇ என்பது இத்தகைய குறைகளுக்குத் தரும் பொது அடையாள எண்). அதே மாதம் உபுண்டுவும் தன் பக்கேஜைத் திருத்தித் தந்தது. எங்கள் சேர்வர்களிலும் அது உடனே ஏறிவிட்டது. ஆனால் எக்ஸ்எம்எல் வேலை முழுவதையும் செய்துகொண்டிருந்த எங்கள் பைதனுக்குள் அந்தத் திருத்தம் போய்ச் சேரவில்லை. ஏன் சேரவில்லை, அதைத் தேடப் போன இடத்தில் வேறு என்ன கிடைத்தது, கடைசியில் என்ன முடிவெடுத்தோம் என்பதை இங்கே எழுதுகிறேன். பைதனைத் தாங்களே கொம்பைல் செய்து ஓடவிடும் எந்த அணிக்கும் இது பயன்படும்.

பின்னணி

எங்கள் அலுவலகம் பம்பலப்பிட்டியில், காலி வீதியில் இருக்கிறது. கொழும்புத் துறைமுகத்தை நம்பித் தொழில் செய்யும் சரக்கு முகவர்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறோம். கப்பலில் வரும் சரக்கின் மனிஃபெஸ்ட், பில் ஒஃப் லேடிங் போன்ற ஆவணங்கள் பெரும்பாலும் எக்ஸ்எம்எல் ஆகத்தான் கைமாறுகின்றன. எங்களிடம் இரண்டு சேவைகள் உண்டு. ஒன்றில், வாடிக்கையாளர் முழு ஃபைலையும் வெப் பக்கம் வழியாக ஏற்றுவார். அது பைதன் 3.12.3இல் ஓடியது. மற்றது கேட்வே. வெளிநாட்டு முகவரின் கணினி ஒரு இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் செய்திகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும். அது பைதன் 3.11.4இல் ஓடியது.

இரண்டும் உபுண்டு 22.04இல்தான் ஓடின. அந்த உபுண்டு தரும் பைதன் 3.10. எங்களுக்குப் புதியது தேவைப்பட்டது, வேகத்துக்காகச் சில தெரிவுகளையும் போட வேண்டியிருந்தது. அதனால் மூலக்கோடை எடுத்து நாங்களே கொம்பைல் செய்து வைத்திருந்தோம். கொழும்பில் எனக்குத் தெரிந்த பல அணிகள் இப்படித்தான் செய்கின்றன. தப்பான வழி ஒன்றும் அல்ல. ஆனால் இந்தக் கதை முழுவதும் அந்த ஒரு முடிவிலிருந்துதான் புறப்படுகிறது.

கேள்வி

வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து பாதுகாப்புக் கேள்விப் படிவம் வந்தது. எக்ஸ்பாட் எங்கெல்லாம் இருக்கிறது, எந்த வேர்ஷன், திருத்தியாயிற்றா என்று அதில் ஒரு வரி. சேர்வர்களைப் பார்க்கும் நண்பர் உபுண்டுவின் பக்கேஜ் பட்டியலை எடுத்து, திருத்தியாயிற்று என்று எழுதி வைத்தார். பட்டியலைப் பொறுத்தவரை அது சரியான பதில்தான். பாதுகாப்புக் குறைகளைத் தேடும் எங்கள் ஸ்கானரும் அதையே சொன்னது, ஏனென்றால் ஸ்கானர் பார்ப்பதும் அதே பட்டியலைத்தான்.

அணிக்குப் புதிதாக வந்திருந்த மட்டக்களப்புத் தங்கச்சி ஒருவர் அந்தப் பதிலைப் படித்துவிட்டு, “அண்ணா, எங்கட பைதன் இந்த லைப்ரரியைத்தான் பாவிக்குதோ?” என்று கேட்டார். உட்கார்ந்து பார்த்தோம்.

ஒரு புரோகிராம் ஓடும்போது எந்தெந்தப் பொது லைப்ரரிகளை இழுத்துக்கொள்கிறது என்று காட்ட லினக்ஸில் சின்னக் கட்டளை ஒன்று இருக்கிறது. உபுண்டு தந்த பைதனை அதனிடம் கொடுத்தால், எக்ஸ்பாட்டின் வரி தெளிவாகத் தெரிகிறது. நாங்கள் கொம்பைல் செய்த பைதனில், எக்ஸ்பாட்டைக் கூப்பிடும் பைஎக்ஸ்பாட் மொட்யூலைக் கொடுத்தால் சி லைப்ரரியின் வரி வருகிறது, எக்ஸ்பாட் என்ற பெயரே இல்லை. அப்படியானால் எக்ஸ்பாட் எங்கே? அந்த மொட்யூலுக்குள்ளேயே. பைதனின் மூலக்கோடில் மொட்யூல்ஸ் என்ற ஃபோல்டருக்குள் எக்ஸ்பாட்டின் முழுப் பிரதி ஒன்று இருக்கிறது. கொம்பைல் செய்யும்போது ‘சிஸ்டத்தில் உள்ள எக்ஸ்பாட்டை எடு’ என்று நாமாகச் சொல்லாவிட்டால், அந்தப் பிரதிதான் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். உள்ளே உள்ள ஃபங்ஷன்களின் பெயர்களுக்கு முன்னால் பைதன் தன் சொந்த முன்னொட்டையும் சேர்த்துவிடுகிறது. ஒரே புரோசஸுக்குள் வேறு யாராவது இன்னொரு எக்ஸ்பாட்டைக் கொண்டுவந்தால் இரண்டும் மோதாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. ஆனால் எக்ஸ்பாட்டின் பெயரை வைத்துத் தேடுபவர் கண்ணில் அது படவே படாது.

அப்புறம் பைஎக்ஸ்பாட்டிடமே வேர்ஷனைக் கேட்டோம். அது ஒரே வரியில் பதில் சொல்லும். உபுண்டுவின் பைதன் 2.4.7 என்றது. எங்கள் 3.12.3, 2.6.0 என்றது. கேட்வேயின் 3.11.4, 2.5.0 என்றது.

இந்த மூன்று எண்களையும் பார்த்தால் 2.4.7தான் ஆகப் பழையது, ஆகவே ஆபத்தானது என்று தோன்றும். உண்மை நேர்மாறு. உபுண்டு, டெபியன் போன்ற விநியோகங்கள் ஒரு வெளியீட்டின் ஆயுள் முழுக்க வேர்ஷன் எண்ணை மாற்றுவதில்லை. பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பழைய கோடில் தைத்துவிடுவார்கள். அந்த 2.4.7க்குள் செப்டெம்பர் மாதத் திருத்தம் இருந்தது, பெரிய எண் போட்ட எங்கள் 2.6.0க்குள் இல்லை. எண்ணை மட்டும் ஒப்பிடும் எந்தக் கருவியும் இங்கே தப்பாகத்தான் தீர்ப்புச் சொல்லும்.

எவ்வளவு ஆபத்து

இங்கே நிதானமாக இருக்க வேண்டும். மூன்று குறைகளில் இரண்டு 32 பிட் கணினிகளுக்கு உரியவை, எங்கள் சேர்வர்கள் 64 பிட். மூன்றாவது நடக்க வேண்டுமானால், பார்சருக்கு எதிர்மறை நீளம் ஒன்றைக் கொடுக்க வேண்டும். பைதன் வழியாக வரும் சாதாரண எக்ஸ்எம்எல் அதைச் செய்ய முடியாது. ஆகவே அந்த மாதத்துக் குறைகளால் எங்களுக்கு நேரடிச் சேதம் இல்லை என்று கணித்து, வாடிக்கையாளருக்கும் அப்படியே எழுதினோம்.

கவலை தந்தது கேட்வேயின் 2.5.0. சிவிஇ-2023-52425 என்ற பழைய குறை ஒன்று 2024 பெப்ரவரியில் எக்ஸ்பாட் 2.6.0 உடன் திருத்தப்பட்டது. கேட்வேக்குள் அந்தத் திருத்தம் இல்லை. இந்தக் குறை எங்களுக்கு நேராகப் பொருந்தும்.

அது இப்படி வேலை செய்கிறது. எக்ஸ்எம்எல் துண்டு துண்டாக வரும்போது, ஒரு டோக்கன் (ஒரு டாக், ஒரு கமென்ட், ஒரு நீண்ட அட்ரிபியூட் என்று எதுவும்) பாதியில் நின்றிருக்கலாம். பழைய எக்ஸ்பாட் அடுத்த துண்டு வந்ததும் அந்த டோக்கனைத் தொடக்கத்திலிருந்து திரும்பப் படிக்கும். இன்னும் முடியவில்லையா? மறுபடி அடுத்த துண்டு, மறுபடி தொடக்கத்திலிருந்து. சாதாரணச் செய்தியில் இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் வேண்டுமென்றே ஒரே ஒரு பிரமாண்டமான கமென்டைத் திறந்து, மூடாமல், சின்னச் சின்னத் துண்டுகளாக அனுப்பினால் நேரம் நீளத்தின் வர்க்கமாக ஏறும். சோதனைச் சேர்வரில் அப்படி ஒரு ஃபைலைச் செய்து அனுப்பிப் பார்த்தோம். கமென்டின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் சிபியூ நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகியது. ஒரே ஒரு இணைப்பு சிபியூவின் ஒரு கோர் (core) முழுவதையும் பிடித்துக்கொண்டது. கேட்வே என்பது துண்டு துண்டாக வாங்குவதற்கென்றே கட்டிய சேவை. எக்ஸ்பாட் திருத்தியாயிற்று என்ற குறிப்பு எங்கள் பதிவேட்டில் மாதக்கணக்காக இருந்தபோது, அந்தக் கதவு திறந்தேதான் கிடந்தது.

திருத்தத்துக்குப் பின் நின்றுபோன செய்திகள்

இரண்டு சேவைகளையும் 3.12.6க்குக் கொண்டுபோவது என்று தீர்மானித்தோம். எக்ஸ்பாட் 2.6.3 வந்த சில நாட்களிலேயே பைதன் அதை உள்ளே வைத்து 3.12.6ஐ வெளியிட்டுவிட்டது. அந்த வேகத்துக்கு அந்த அணியைப் பாராட்ட வேண்டும். 3.8 வரையான பழைய கிளைகளுக்கும் அதே நேரத்தில் திருத்தம் கொடுத்தார்கள்.

வெப் சேவையில் எந்தச் சிக்கலும் இல்லை. கேட்வேயின் சோதனைகள் மட்டும் தோற்றன. முகவர் பக்கம் செய்தி முழுதாக அனுப்பியாயிற்று, எங்கள் பக்கத்திலிருந்து ‘கிடைத்தது’ என்ற பதில் போகவில்லை. அடுத்த செய்தி வந்த பிறகுதான் முந்தையதற்குப் பதில் போயிற்று.

காரணம், 2.6.0 கொண்டுவந்த திருத்தத்தின் தன்மையே. மறுபடி மறுபடி தொடக்கத்திலிருந்து படிப்பதைத் தவிர்க்க, முடியாத டோக்கன் ஒன்று கையில் இருந்தால் போதிய அளவு புது டேட்டா சேரும்வரை எக்ஸ்பாட் இப்போது பொறுத்திருக்கிறது. முழு ஃபைலைக் கொடுப்பவருக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் ஃபைல் முடிந்ததும் எல்லாம் வெளியே வந்துவிடும். எங்கள் கேட்வேயில் ஃபைல் முடிவதே இல்லை. இணைப்புத் திறக்கும்போது ஒரு வேர் டாக் திறக்கும், ஒவ்வொரு செய்தியும் அதன் பிள்ளை, வேர் மூடுவது இணைப்பு முடியும்போதுதான். அதனால் செய்தியின் கடைசித் துண்டை எக்ஸ்பாட் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தது.

இதற்காகவே பைதன் ஃப்ளஷ் என்ற புதிய மெதட் ஒன்றைப் பார்சர்களில் சேர்த்திருக்கிறது. கவனிக்க வேண்டிய விசயம் என்னவென்றால், அதை 3.13க்கு மட்டும் கொடுத்துவிட்டு நிற்காமல் 3.12.3, 3.11.9 போன்ற சின்னத் திருத்த வெளியீடுகளுக்குள்ளும் பின்னோக்கிக் கொண்டுபோனார்கள். வழக்கமாக அந்த வெளியீடுகளில் புது வசதி எதுவும் சேர்ப்பதில்லை. உள்ளே வைத்திருக்கும் ஒரு சி லைப்ரரியின் பாதுகாப்புத் திருத்தம், மொழியின் வெளிப்புற முகத்தையே மாற்றவைத்தது. மொழியோடு சேர்ந்தே வரும் ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்குள் வெளியார் கோடை வைத்துப் பராமரிப்பது எவ்வளவு பாரமான வேலை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அந்த மெதட் இருக்கிறதா என்று முதலில் சோதித்துவிட்டுக் கூப்பிடும்படி பைதனின் ஆவணமே சொல்கிறது. எங்கள் அணியில் ஆளுக்கொரு வேர்ஷன் லப்டொப்பில் இருப்பதால் நாங்களும் அப்படித்தான் எழுதினோம்.

சரி, ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் ஃப்ளஷ் கூப்பிட்டால் வேலை முடிந்ததா? முடியாது. ஃப்ளஷ் செய்வது அந்தப் பொறுமையைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, கையில் உள்ளதை உடனே படிக்கச் சொல்வதுதான். துண்டுக்குத் துண்டு அதைச் செய்தால், பெப்ரவரியில் மூடிய அதே ஓட்டையை நம் கையாலேயே திறந்துவிடுகிறோம். துண்டு புதுவரியில் முடிந்தால் மட்டும் ஃப்ளஷ் என்று வைத்தோம், நல்ல முகவர்கள் ஒவ்வொரு செய்திக்குப் பிறகும் புதுவரி அனுப்புகிறார்கள். கெட்ட எண்ணத்தோடு வருபவர் கமென்டுக்குள்ளேயே ஆயிரம் புதுவரி அனுப்பலாம் அல்லவா? அதனால் கடைசியாக முழுமையடைந்த செய்திக்குப் பிறகு எத்தனை பைட் வந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டே போகிறோம். எல்லை தாண்டினால் இணைப்பைத் துண்டிக்கிறோம். உண்மையான காவல் இந்த எல்லைதான். ஃப்ளஷ் பதில் தாமதமாகாமல் பார்த்துக்கொள்வதற்கு மட்டும்.

செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல். யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் வாக்களிக்கப் போகிறவர்கள் முந்தைய நாளே வெள்ளவத்தையில் பஸ் ஏறிவிட்டார்கள். தேர்தல் இரவு ஊரடங்கும் வந்தது. அந்த வார இறுதியில் சேர்வரில் யாரும் கைவைக்கவில்லை. எல்லோரும் திரும்பி வந்த பிறகுதான் கேட்வேயை மாற்றினோம்.

மற்ற மொழிகளில்

இது பைதனுக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. 2022 ஒக்டோபரில் எஸ்எச்ஏ-3 ஹாஷின் (டேட்டாவுக்குக் கைரேகை போன்ற ஒரு எண்ணைக் கணிக்கும் முறை) பிரபலமான சி கோட் ஒன்றில் பஃபர் நிரம்பி வழியும் குறை வெளியானது (சிவிஇ-2022-37454). அந்தக் கோடின் பிரதி பைதன் 3.6 முதல் 3.10 வரைக்குள்ளும் இருந்தது, பிஎச்பிக்குள்ளும் இருந்தது. ஒரு இடத்தில் எழுதியதை இரண்டு மொழிகள் தனித்தனியே திருத்த வேண்டிவந்தது. அதற்குப் பிறகு பைதன் 3.12இல் இந்த ஹாஷ்களின் உள்கோடுக்கு, கணித முறையில் சரிபார்த்த ஹேக்கிள்ஸ்டார் என்ற லைப்ரரியைக் கொண்டுவந்தார்கள். உள்ளே வைப்பதானால் ஆகத் தரமானதைத் தேர்ந்து வை என்பது ஒரு பதில்.

கோ மொழியில் எச்டிடிபி/2இன் கோட் தனிப் பக்கேஜாகவும் இருக்கிறது, அதே கோட் ஒரே ஃபைலாகச் சுருட்டி ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்குள்ளும் இருக்கிறது. 2023 ஒக்டோபரில் எச்டிடிபி/2ஐக் குறிவைத்த ‘ரெபிட் ரீசெட்’ தாக்குதல் வெளியானபோது தனிப் பக்கேஜையும் திருத்தி, கோ 1.21.3, 1.20.10 என்று மொழியையும் புதிதாக வெளியிட்டார்கள். தனிப் பக்கேஜை மட்டும் ஏற்றிவிட்டுப் பழைய கோவால் கொம்பைல் செய்தவர் நிலைமையும் எங்கள் நிலைமையும் ஒன்றுதான்.

ரூபி வேறு பக்கம் போயிற்று. 2022 டிசெம்பரில் வந்த 3.2 முதல் லிப்யாமல், லிப்எஃப்எஃப்ஐ என்ற சி லைப்ரரிகளின் மூலக்கோடைத் தன்னுடன் கட்டித் தருவதை நிறுத்திவிட்டது. சிஸ்டத்தில் இருந்தால் எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் நீங்கள்தான் நிறுவ வேண்டும். பைதனும் தசம எண் கணக்குக்கான டெசிமல் மொட்யூலின் பின்னால் உள்ள லிப்எம்பிடெக்கை அந்த வழியில்தான் அனுப்புகிறது. 3.13 முதல் சிஸ்டத்தில் உள்ளதே முதல் தெரிவு, உள்ளே உள்ள பிரதி விலக்கப்படப்போகிறது என்றும் அறிவித்தாயிற்று.

சேர்வர் நிர்வாகிக்கு ரூபியின் வழி சுத்தமானது, ஒரு இடத்தில் திருத்தினால் எல்லாம் திருந்தும். ஆனால் பைதனை முதன்முதலாக நிறுவிப் பார்க்கும் ஒரு பள்ளி மாணவருக்கு, எக்ஸ்எம்எல் படிக்க முன்னால் சி லைப்ரரி தேடு என்று சொல்வது நியாயமில்லை. அந்த மாணவருக்காகவே எக்ஸ்பாட் உள்ளே இருக்கிறது, இருக்கவும் வேண்டும் என்று நான் நினைக்கிறேன். பைதன் இப்போது தான் உள்ளே வைத்திருப்பவற்றின் பெயர், வேர்ஷன், ஹாஷ் எல்லாவற்றையும் எஸ்பிஓஎம் என்ற பாகங்களின் பட்டியலாக மூலக்கோடிலேயே வைக்கிறது. எக்ஸ்பாட்டைப் புதுப்பிக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டும் அங்கே இருக்கிறது. எங்கிருந்து எடுத்தது, ஹாஷ் சரியா என்று சோதித்துவிட்டுத்தான் அது உள்ளே வைக்கும். செய்ய வேண்டியதை அவர்கள் செய்கிறார்கள். பைதனை நாமே கொம்பைல் செய்தால், உபுண்டுவின் பாதுகாப்பு அணி செய்துவந்த வேலை நம் தலைக்கு வருகிறது. எங்கள் அலுவலகத்தில் அந்த வேலைக்கு ஆள் பெயர் எழுதப்படாமல் இருந்ததுதான் இங்கே நடந்ததன் வேர்.

எக்ஸ்பாட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதை முதலில் எழுதியவர் ஜேம்ஸ் கிளார்க். கொழும்பில் மென்பொருள் எழுதுபவர்களுக்கு அவர் பெயர் வேறு வழியிலும் தெரிந்திருக்கும், டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் பலரினா மொழியை வடிவமைத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று எக்ஸ்பாட்டைப் பராமரிப்பவர்கள், ஆளும் இல்லை, பணமும் இல்லை என்று அதன் மாற்றக் குறிப்புகளிலேயே பெரிய எழுத்தில் எழுதி உதவி கேட்கிறார்கள். உலகம் முழுக்க பைதன் இருக்கும் இடமெல்லாம் இருக்கும் ஒரு லைப்ரரியின் நிலை இது. இது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் தருகிறது.

நாங்கள் எடுத்த முடிவு

முதலில் எல்லாவற்றையும் சிஸ்டம் எக்ஸ்பாட்டுக்கு மாற்றலாம் என்றுதான் பேசினோம். வெப் சேவைக்கு அப்படியே செய்தோம். அங்கே முழு ஃபைல்தான் வருகிறது, உபுண்டு திருத்தும்போது சேவையை மீளத் தொடங்கினால் போதும்.

கேட்வேக்கு அது சரிவரவில்லை. காத்திருக்கும் வசதியைக் கட்டுப்படுத்த முடியுமா என்பதைக் கொம்பைல் நேரத்தில், எக்ஸ்பாட்டின் ஹெடரில் உள்ள எண்ணைப் பார்த்துத்தான் பைதன் தீர்மானிக்கிறது. 22.04இன் ஹெடர் 2.4.7 என்று சொல்லும். அது 2.6.0க்குக் குறைவு என்பதால் ஃப்ளஷ் கூப்பிட்டாலும் எதுவும் செய்யாமல் திரும்பிவிடும். எங்கள் கேட்வே அந்த மெதட்டை நம்பியிருக்கிறது. அதனால் அங்கே பைதனின் உள்பிரதியையே வைத்துக்கொண்டு, திருத்த வெளியீடு ஒவ்வொன்றும் வரும்போது உடனே புதிதாகக் கொம்பைல் செய்கிறோம். இரண்டு சேவைகளுக்கும் ஒரே விதி வேண்டும் என்று அணியில் ஒருவர் வாதாடினார். பராமரிக்க அது லேசுதான், ஆனால் இந்த இடத்தில் லேசான வழி சரியான வழி இல்லை.

கொம்பைல் முடிந்ததும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓடுகிறது. பைஎக்ஸ்பாட், இசட்லிப், ஓபன்எஸ்எஸ்எல், எஸ்கியூலைட், லிப்எம்பிடெக், கூட வரும் பிப் (பக்கேஜ்களை நிறுவும் கருவி) என்று ஒவ்வொன்றையும் பைதனிடமே கேட்டு எழுதிவைக்கிறது. ஒவ்வொன்றும் சிஸ்டத்திலிருந்து வருகிறதா, உள்ளே ஒட்டியதா என்பதையும் குறிக்கிறது. உள்ளே ஒட்டியது குறைந்தபட்ச வேர்ஷனுக்குக் கீழே இருந்தால் பில்ட் அங்கேயே நின்றுவிடும். சிஸ்டத்திலிருந்து வருவதற்கு லைப்ரரி சொல்லும் வேர்ஷன் எண்ணைப் பார்ப்பதில்லை, உபுண்டுவின் பக்கேஜ் எண்ணைப் பார்க்கிறது. சி லைப்ரரிகளைக் கூப்பிட உதவும் சிடைப்ஸின் பின்னால் இருக்கும் லிப்எஃப்எஃப்ஐயின் வேர்ஷனைப் பைதன் சொல்வதில்லை, அதை மட்டும் கையால் எழுதுகிறோம். பைதன் வெளியீட்டு அறிவிப்பைப் படிப்பதும் குறைந்தபட்ச எண்ணை உயர்த்துவதும் இப்போது ஒருவரின் வேலை, விடுமுறையில் அவர் இல்லாதபோது பார்ப்பதற்கு இன்னொருவர். அந்த முதல் கேள்வியைக் கேட்ட தங்கச்சிதான் ஸ்கிரிப்ட்டை எழுதினார்.

இந்த ஸ்கிரிப்ட் ஸ்டாண்டர்ட் லைப்ரரியோடு நின்றுவிடுகிறது. பிப் வழியாக வரும் பக்கேஜ்களும் தங்கள் வீல் ஃபைலுக்குள் (நிறுவத் தயாராகக் கட்டிய ஃபைல்) இதே மாதிரிப் பிரதிகளைச் சுமந்து வருகின்றன. எல்எக்ஸ்எம்எல் தன் லிப்எக்ஸ்எம்எல்2ஐக் கொண்டுவருகிறது, கேட்டால் எண்ணைச் சொல்லும். படங்களைக் கையாளும் பில்லோவும் சொல்லும், 2023இல் லிப்வெப்பி என்ற பட லைப்ரரியில் குறை வந்தபோது அதற்காகவே 10.0.1 வெளியிட்டார்கள். இவை இரண்டையும் பட்டியலில் சேர்த்தாயிற்று. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோடு பேசும் சைகோபிஜி2இன் பைனரிப் பக்கேஜ், தன் லிப்பிகியூவின் எண்ணைச் சொல்கிறது, உள்ளே கூட வரும் ஓபன்எஸ்எஸ்எல்லின் எண்ணைச் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக மூலத்திலிருந்து கொம்பைல் செய்த பக்கேஜுக்கு மாறும் வேலை இப்போது சோதனைச் சேர்வரில் நடந்துகொண்டிருக்கிறது.